பரிசுக்கு எழுதிய கட்டுரை

நுழையும்முன்

பரிசுக்காக எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பரிசு கிடைத்ததும் மறக்கப்படுகின்றன. தாம் எழுதிய கட்டுரையை மறக்க இயலாமல், அது காட்டிய வழியிலேயே அறுபது ஆண்டுகள் நடந்த ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். மனிதரை மனிதர் விலைக்கு விற்ற கொடுமையைச் சான்றுகளின் துணைகொண்டு எதிர்த்த தாமஸ் கிளார்க்சனின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

தாமஸ் கிளார்க்சன் 1760ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் இங்கிலாந்தின் விஸ்பீச் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் சமயகுருவாகவும் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்த கிளார்க்சன், இலண்டனில் பள்ளிக்கல்வியை முடித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தூய யோவான் கல்லூரியில் சேர்ந்தார். தந்தையைப் போலவே சமயப்பணி ஆற்றுவது அவருடைய எண்ணமாக இருந்தது.

1785ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் இலத்தீன் மொழியில் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஒருவரை அவருடைய விருப்பத்திற்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பதே தலைப்பு. முந்தைய ஆண்டும் கட்டுரைப் பரிசு பெற்றிருந்த கிளார்க்சன், புகழை விரும்பியே இப்போட்டியில் கலந்துகொண்டார். அடிமை வணிகத்தைப் பற்றி அவர் அதுவரை ஏதும் அறிந்திலர். அக்காலத்தில் பிரித்தானியக் கப்பல்கள் துணி, துப்பாக்கி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கா செல்லும். அங்கு அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கும். அவர்களை மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுச் சர்க்கரையுடன் நாடு திரும்பும். இச்செய்திகளை நூல்களிலும், அவ்வணிகத்தில் ஈடுபட்டு மறைந்த ஒருவரின் தாள்களிலும் படித்தறிந்த கிளார்க்சன் உறக்கத்தை இழந்தார். நள்ளிரவில் தோன்றும் எண்ணங்களை எழுதிவைக்க அவருடைய அறையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டே இருந்தது.

வழியில் பிறந்த வினா

கட்டுரைக்கு முதற்பரிசு கிடைத்தது. பல்கலைக்கழக மன்றத்தில் அதனைப் படித்துவிட்டுக் குதிரையில் இலண்டனுக்குப் புறப்பட்டார் இருபத்தைந்து வயதான கிளார்க்சன். தாம் எழுதியவை உண்மையா என்னும் வினா அவரை வழியெங்கும் வருத்தியது. வேட்ஸ்மில் என்னும் சிற்றூருக்கு அருகே குதிரையிலிருந்து இறங்கிச் சாலையோரத்தில் அமர்ந்தார். எழுதியவை உண்மையெனில் அக்கொடுமைக்கு யாரேனும் முடிவுகட்டியாக வேண்டும் என்னும் எண்ணம் அவ்விடத்தில் உறுதிபெற்றது. அந்த ஒருவர் தாமாகவே இருக்கவேண்டும் என்று முடிவுசெய்ய அவருக்கு மேலும் பல திங்கள் தேவைப்பட்டன. உறுதியான சமயப்பணியையும் அமைதியான வாழ்வையும் விட்டுவிட வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1786ஆம் ஆண்டு அக்கட்டுரை ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. மறு ஆண்டு மே 22ஆம் நாள் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கான குழு இலண்டனில் தோன்றியது. அதன் பன்னிரு உறுப்பினர்களுள் ஒன்பதின்மர் குவேக்கர் சமயத்தினர். நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்க வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் முன்வந்தார். சான்றுகளைத் திரட்டும் பொறுப்பைக் கிளார்க்சன் ஏற்றார்.

சான்றுகளின் வலிமை

அடிமை வணிகம் மாலுமிகளுக்குச் சிறந்த பயிற்சிக்களம் என்று வணிகர்கள் கூறிவந்தனர். கிளார்க்சன் பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களுக்குச் சென்று கப்பல் பதிவேடுகளை ஆராய்ந்தார். இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மாலுமிகளின் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று கண்டறிந்தார். அவ்வணிகம் மாலுமிகளுக்கே சாவுக்களமாக இருப்பதைப் பதிவேடுகள் காட்டின.

லிவர்பூல் கடை ஒன்றில் வெளிப்படையாக விற்கப்பட்ட கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நெரிக்கும் திருகி, உண்ண மறுப்போரின் வாயை வலிந்து திறக்கும் கருவி ஆகியவற்றை விலைக்கு வாங்கினார். ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணிகள், தோற்பொருள்கள், நறுமணப் பொருள்கள் முதலியவற்றையும் சேர்த்து ஒரு பெட்டியில் வைத்தார். கைத்திறன் மிக்க அம்மக்களுடன் நேர்மையான வணிகம் செய்ய முடியும் என்பதை அப்பெட்டி காண்போர்க்கு உணர்த்தியது. இப்பணிகள் வணிகர்களின் சினத்தைத் தூண்டின. லிவர்பூல் கடற்பாலத்தில் ஒரு கும்பல் அவரைக் கடலில் தள்ள முயன்றது. அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் உயிர்தப்பினார்.

புரூக்ஸ் என்னும் அடிமைக் கப்பலின் வரைபடத்தைக் குழு அச்சிட்டுப் பரப்பியது. சட்டப்படி 454 பேரை ஏற்றலாம் என்றிருந்த அக்கப்பலில், முன்னர் அறுநூறுக்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டிருந்தனர். அடுக்கிவைத்த பொருள்களைப் போல மனிதர்கள் படுத்திருக்கும் அப்படம் எழுத்தறியாதவர்க்கும் உண்மையை உணர்த்தியது.

தோல்வியும் வெற்றியும்

1791ஆம் ஆண்டு வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த முன்மொழிவு 88 வாக்குகளுக்கு எதிராக 163 வாக்குகளால் தோற்றது. நாடாளுமன்றம் மறுத்ததை மக்கள் தம் வீடுகளில் செய்யத் தொடங்கினர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை மூன்று இலட்சம் பேர் தவிர்த்ததாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். 1792ஆம் ஆண்டில் 519 மனுக்கள் நாடாளுமன்றத்தை அடைந்தன. அவற்றில் கையொப்பமிட்டோருள் பெரும்பாலோர் வாக்குரிமையே இல்லாதவர்கள்.

ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 35,000 மைல்கள் குதிரையில் பயணம் செய்த கிளார்க்சனின் உடல்நலம் சீர்குலைந்தது. 1794ஆம் ஆண்டு பணியிலிருந்து விலகி ஓய்வு கொண்டார். பிரான்சுடன் மூண்ட போரினால் இயக்கமும் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் பணியேற்றார். 1807ஆம் ஆண்டு அடிமை வணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

வணிகம் நின்றபோதும் அடிமைமுறை நீங்கவில்லை. அறுபது வயதைக் கடந்த நிலையிலும் அவர் மீண்டும் ஊர் ஊராகச் சென்றார். 1833ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேரின் விடுதலைக்கு வழிவகுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகள் அச்சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டன; இந்தியாவிற்கான சட்டம் 1843ஆம் ஆண்டில்தான் வந்தது. விடுதலை பெற்றோர் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதும் வரலாறு.

1840ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டை எண்பது வயதான கிளார்க்சன் தொடங்கிவைத்தார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் ஊர் ஊராகச் சுமந்துசென்ற பெட்டி, அவர் பிறந்த விஸ்பீச் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் குதிரையிலிருந்து இறங்கி அமர்ந்த சாலையோரத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. படித்ததை உண்மையா என்று ஆராய்வதும், உண்மையெனில் அதற்குரிய கடமையை ஏற்பதும் இளையோர்க்கு இயலும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகிறது.