அன்னமும் தூய நீரும்

சிதம்பரத்திற்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாக, 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் தோன்றியவர் இராமலிங்கர். வள்ளலார் என உலகம் போற்றுவது இவரையே. தந்தையார் இவரது குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். குடும்பம் சென்னையை அடைந்து, ஏழுகிணறு என்னும் பகுதியில் வாழ்ந்தது. கோட்டைக்கு நன்னீர் வழங்கும் பொருட்டு 1772-ஆம் ஆண்டில் அமைந்த கிணறுகளால் அப்பகுதி அப்பெயர் பெற்றது. இராமலிங்கரின் இளமை அங்கேயே கழிந்தது.

1858-ஆம் ஆண்டில் அடிகளார் சென்னையை விட்டு நீங்கினார். தில்லையை வணங்கியபின், வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை அவ்வூர்கள். 1866-ஆம் ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பசித்தவரைக் கண்டால் அடிகளாரின் உள்ளம் நைந்தது. மறு ஆண்டு மே 23-ஆம் நாள் அவர் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. சாதியும் சமயமும் கேளாமல் அங்கே அன்னம் இடப்படுகின்றது.

உயிர் வாழ அன்னம் மட்டும் போதுமோ? அந்நாளில் வாந்திபேதி பரவினால் ஊர்களே வெறுமையாயின. திருவிழாக் கூட்டங்களிலும் பஞ்சக் காலங்களிலும் அதன் கொடுமை மிகுந்தது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பயன்பட்ட குளத்து நீரையே மக்கள் பலர் பருகினர். உடம்பைப் பேணுதலும் அறமே எனக் கருதிய அடிகளார், அன்பர்களுக்கு உணவு நெறிகளை வகுத்தார். காய்ச்சிய வெந்நீரைப் பருகுதல் அவற்றுள் ஒன்று. அவர் தாமும் அந்நெறியில் நின்றார்.

நீரில் வாழும் நோய்க்கிருமியை அடிகளார் அறிந்திருக்க இயலாது. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, ஒரு தெருக் குழாயின் நீரே அந்நோய்க்குக் காரணம் என ஆராய்ந்து காட்டினார். எனினும் பலர் அதனை ஏற்கவில்லை. அடிகளார் 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருமாளிகைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக்கொண்டார். பத்தாண்டுகள் சென்றபின், 1884-ஆம் ஆண்டில், ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் கல்கத்தாவில் மக்கள் பருகிவந்த ஒரு குளத்து நீரில் அக்கிருமியைக் கண்டார். நீர் நன்கு கொதித்தால் அத்தகைய கிருமிகள் மடியும். அடிகளார் அன்பர்க்கு உரைத்த எளிய பழக்கத்தின் பயனை அறிவியல் பின்னர் விளக்கியது.

காய்ச்சிய நீரும் மூடாத பானையில் இருந்தால் மீண்டும் கெடும். கையை இட்டு முகந்தாலும் கெடும். நோயுற்றவரின் கழிவு மழைநீரோடு கலந்து கிணற்றிலோ குளத்திலோ சேர்வதே நோய்க்கு வாயில். ஆதலின் கழிப்பிடம் நீர்நிலைக்கு அருகில் இருத்தல் ஆகாது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும், அழுக்குநீர் உள்ளே வழியாத மேடையும் வேண்டும். கெடிலமும் வெள்ளாறும் பெருகிப் பாயும் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் மழைக்காலத்தில் கிணறுகள் வெள்ளத்தில் மூழ்குவதுண்டு. வெள்ளம் வடிந்தபின் அவற்றை இறைத்து, குளோரின் மருந்து இட்டுத் தூய்மை செய்தல் வேண்டும்.

பசித்தவருக்கு இடும் சோறு உயிரைக் காக்கும். அதனோடு தரும் நீர் மாசுற்றதாயின் அவ்வுயிரையே மாய்க்கும். எனவே ஊர்க்கிணற்றைக் காப்பவரும், அதில் அழுக்குச் சேராமல் தடுப்பவரும் அன்னமிடுவோரை ஒத்த அறத்தினரே ஆவர். வடலூரின் அணையா அடுப்பு பசித்தீயை அவிப்பது. வீடுதோறும் நீரைக் கொதிக்கவைக்கும் சிறிய அடுப்பு நோயை விலக்குவது. இரண்டும் உயிரிரக்கத்தின் சுடர்களே.