தொழிலாளர் தோழர் திரு. வி. க.

கூடுவாஞ்சேரியினின்று தெற்கே சில நிலையங் கடந்தால், தொழிற்சாலைகள் மலிந்த மறைமலைநகர் தோன்றும். மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் இயந்திர ஒலியே மிகுதி! புகைவண்டியில் உடன்வருந் தொழிலாளர் கூலியுயர்வையும் ஆதாயத்தில் தமக்குரிய பங்கையும் பற்றிப் பேசக் கேட்குந்தோறும் நம் நினைவில் எழுபவர், பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்த மற்றொரு புலவராகிய திரு. வி. கலியாணசுந்தரனார்.

துள்ளம் என்னுஞ் சிற்றூரில் 1883 ஆகஸ்டு 26 ஆம் நாள் பிறந்த இவர், இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிற் பயின்றார். ஆங்குத் தம் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளையின் பொருட்டு வழக்குமன்றத்திற்குச் சான்று கூறச் சென்றமையால், இறுதித் தேர்வு எழுத இயலாது போயிற்று. பட்டம் பெறாத அவரே பின்னர் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராய் அமர்ந்தார் என்பதைத் தேர்வென்றால் நடுங்கும் நம்மனோர் கருதுவாராக.

1917 இல் அப்பதவியைத் துறந்து, 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். அக்காலத்துப் பெரம்பூர்ப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தோர்க்கு நண்பகல் உணவுக்கென விடப்பட்டது அரைமணி நேரமே. கைகழுவி, உண்டு, மீள்வதற்குள் சங்கு ஊதிவிடும். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்போர் முயற்சியால் 1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா தலைவர், நம் புலவர் துணைத்தலைவருள் ஒருவர். இலக்கண வழுவைத் திருத்திய நா, மாலைதோறும் ஆலைத் தொழிலாளரிடைச் செந்தமிழில் உரிமை பேசிற்று. மக்கள் இருவரையும் முன்னரே இழந்திருந்த அவர், அவ்வாண்டு செப்டம்பரில் மனைவியார் கமலாம்பிகையையும் இழந்தார். மறுமணம் நாடினாரல்லர்.

1920 டிசம்பரில் ஆலைத் தொழிலாளர்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு வேலைநிறுத்தம் பல திங்கள் நீண்டது. பசி ஒருபுறம் வாட்டச் சாதிப்பூசல் மறுபுறம் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முதலாளியின் பிடிவாதத்தினும் தொழிலாளர்தம் பிளவே அப்போரைத் தோற்பித்தது என்பது எம் கருத்து. ஆளுநர் வில்லிங்டன் நாடுகடத்துவதாக அச்சுறுத்தியும் நம் புலவர் சங்கத்தை விட்டாரில்லை.

வெள்ளையராட்சி முடியும் தறுவாயிலும் அவர்க்கு ஓய்வில்லை. 1947 இல், மீண்டும் அவ்வாலைகளிலே நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, சென்னையை ஆண்டது அவர் வளர்த்த காங்கிரசே. அவ்வரசே அறுபதைக் கடந்த அம்முதியவரை வீட்டுக்காவலில் வைத்தது! பின்னர்க் கண்ணொளி மங்கவும், தாம் சொல்லப் பிறர் எழுத நூல்கள் செய்து வந்தார். 1953 செப்டம்பர் 17 ஆம் நாள் மறைந்தார்.