கட்டளையை அவனே இட்டான்!

சாகப் போகிறவனிடம் கடைசியாக ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று கேட்பது சிறைச்சாலைச் சம்பிரதாயம். சிலர் அழுவார்கள். சிலர் ஆண்டவனை அழைப்பார்கள். ஜோ ஹில்லோ, தோழர்களுக்கு வேலை சொல்லிவிட்டுச் செத்தான்!

யார் அவன்? சுவீடன் நாட்டு யேவ்லே நகரில் 1879-ல் பிறந்தவன். ரயில்வே ஊழியரான தந்தை, மகனுக்கு எட்டு வயதாகும்போதே மறைந்தார். பள்ளி செல்ல வேண்டிய பிள்ளை கயிற்றுத் தொழிற்சாலைக்குப் போனான். 1902-ல் அமெரிக்கா சென்றான். கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை. பிறகு, உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கம்.

துண்டுப் பிரசுரத்தை ஒரு தடவைதான் படிப்பார்கள், பாட்டென்றால் மனப்பாடமாக்கித் திரும்பத் திரும்பப் பாடுவார்கள் என்பது அவன் கணக்கு. தெருமுனையில் சங்கத்தார் பேசினால், மதப் பிரச்சாரகர்களின் பாண்டு வாத்தியம் முழங்கிப் பேச்சை அமுக்கிவிடும். ஹில் என்ன செய்தான்? அவர்கள் மெட்டையே எடுத்து, பசித்தவனுக்குப் பரலோக விருந்தைக் காட்டும் உபதேசத்தைக் கேலி செய்து பாட்டுக் கட்டினான். எதிரியின் வாத்தியமே பக்கவாத்தியமாயிற்று!

1914 ஜனவரி 10. யூட்டா மாநிலம் சால்ட் லேக் நகரில் ஒரு மளிகைக் கடைக்காரரும் அவர் மகனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றிரவே, மார்பில் குண்டுக் காயத்தோடு ஹில் ஒரு மருத்துவரிடம் போனான். பெண் விவகாரத்தில் நேர்ந்த சண்டை என்றான். யார் அந்தப் பெண், சுட்டவன் யார்? கடைசிவரை வாய் திறக்கவில்லை. இதைப் புத்திசாலித்தனம் என்று நாம் சொல்லமாட்டோம். மாண்டவர்களுக்காக நீதி கேட்டதும் தவறல்ல. ஆனால், கொலைக்குக் காரணம் காட்டாமல், கொன்ற துப்பாக்கியைக் காட்டாமல் மரண தண்டனை விதித்தார்களே, அது நீதியா? அந்தச் சண்டை நடந்தது உண்மை என்று அந்தப் பெண்ணே 1949-ல் எழுதிய கடிதம், 2011-ல்தான் உலகுக்குத் தெரிந்தது.

தூக்கா, துப்பாக்கியா என்று நீதிமன்றம் கேட்டது. முன்பே சுடப்பட்டவன்தானே, பழக்கமுண்டு என்று துப்பாக்கியைத் தேர்ந்தான். ஜனாதிபதி வில்சனே இருமுறை தலையிட்டார். ஒருமுறை நாள் தள்ளிப்போனது, அவ்வளவே. ஹில் கருணை கேட்கவில்லை, மறு விசாரணை கேட்டான்.

கடைசி நாளில் சங்கத் தலைவர் ஹேவுட்டுக்குத் தந்தி கொடுத்தான். அழுது பொழுதை வீணாக்காதே, ஆட்களைத் திரட்டு என்பது ஒரு செய்தி. யூட்டா மண்ணில் பிணமாகக் கிடக்கக்கூட விருப்பமில்லை, எல்லை தாண்டி எடுத்துப் போங்கள் என்பது இன்னொன்று. சாவின் வாசலிலும் நையாண்டி! பங்கிடச் சொத்தில்லை, சாம்பலைக் காற்றில் விடுங்கள் என்று பாட்டாகவே உயில் எழுதினான்.

1915 நவம்பர் 19 காலை. கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தயார், குறிபார் என்று அதிகாரி சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது கட்டளையை அவர் சொல்லுமுன், சுடு என்று முழங்கியது ஜோ ஹில்லின் குரல்!

உடல் சிகாகோ சென்றது. ஆயிரமாயிரம் பேர் ஊர்வலம் வந்தனர். சாம்பலைச் சிறு சிறு உறைகளில் இட்டு ஊரூராக அனுப்பினார்கள். அதில் ஓர் உறையை 1917-ல் அமெரிக்கத் தபால் இலாகா பறிமுதல் செய்தது. அரசாங்க ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்தப் பிடி சாம்பல், 1988-ல்தான் சங்கத்தின் கைக்குத் திரும்பி வந்தது.