கடல் கடந்தவருக்காக வாதாடிய வலங்கைமான் சாஸ்திரியார்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ளது வலங்கைமான். பாடைக்காவடி எடுக்கும் மாரியம்மன் கோவிலால் பெயர் பெற்ற ஊர். 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, அங்கு ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகம் சுற்றிய மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

உபாத்தியாயர்

கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்றார். மாயவரத்திலும் சேலத்திலும் உபாத்தியாயராக இருந்தார். பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார்.

1907-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே இறந்தபின் 1915-ல் சங்கத்தின் தலைவர் ஆனார். அவருடைய இங்கிலீஷ் பேச்சைக் கேட்டு இங்கிலீஷ்காரர்களே வியந்தார்கள். வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று புகழ்ந்தார்கள்.

கப்பல் ஏறிய மக்கள்

தஞ்சைத் தரணி நெல் விளையும் பூமி. ஆனாலும் நிலம் இல்லாதவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடனும் பஞ்சமும் துரத்த, ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போயிற்று. சென்னையிலிருந்து தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று. 1860-ல் அங்கு போய் இறங்கிய முதல் கப்பலில் வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைக்கப்பட்டவர்கள்.

ஒப்பந்தம் முடிந்ததும் பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், சிலர் கடை வைத்தார்கள். அது வெள்ளையர் கண்ணை உறுத்தியது. ஒப்பந்தம் முடிந்து தங்குவோர் தலைக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. அந்தக் கொடுமைகளை எதிர்த்துச் சிறை சென்று, 1914-ல் உயிர் நீத்தவர்தான் தில்லையாடி வள்ளியம்மை. அந்த ஆண்டே வரி ரத்தாயிற்று. ஆனால் இந்தியர்மீது கொண்ட வெறுப்பு போகவில்லை.

இரண்டு கேள்விகள்

1921-ல் லண்டனில் சாம்ராஜ்ய மகாநாடு கூடியது. இந்தியாவின் சார்பில் சாஸ்திரியார் போனார். அங்கு அவர் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்.

ஒரு நாட்டுக்குள் யாரை விடுவது, எத்தனை பேரை விடுவது? இது முதல் கேள்வி. இதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

முறைப்படி வந்து குடியேறியவரை எப்படி நடத்துவது? இது இரண்டாவது கேள்வி. உழைக்க அழைத்துவிட்டு, உரிமை கேட்டால் விரட்டுவது நியாயம் ஆகாது. அவர்களுக்குப் பிரஜா உரிமை வேண்டும் என்று வாதாடினார். மகாநாடு இதை ஏற்றது. தென் ஆப்பிரிக்கா மட்டும் மறுத்தது.

நாடு நாடாக

1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குப் போய் இதையே பேசினார். ஆஸ்திரேலியா 1925-ல் தன் நாட்டில் இருந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமோ 1947 வரை கொடுக்கவில்லை.

1925-ல் தென் ஆப்பிரிக்க மந்திரி மலான் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியர் குடியிருக்கவும் கடை வைக்கவும் தனி இடம் ஒதுக்கும் மசோதா அது. இந்தியா தூது அனுப்பியது. தூதுக் குழுவில் சாஸ்திரியாரும் இருந்தார். 1927-ல் கேப் டவுன் உடன்படிக்கை ஏற்பட்டது. மசோதா கைவிடப்பட்டது. அங்கேயே தங்கும் இந்தியரைக் கல்வியிலும் வாழ்விலும் உயர்த்துவதாகத் தென் ஆப்பிரிக்கா சம்மதித்தது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. இஷ்டப்பட்டு ஊர் திரும்புவோருக்கு இலவசக் கப்பல் பயணமும், பெரியவருக்கு 20 பவுன் பணமும் தருவதென்று முடிவாயிற்று. ஆட்களைக் குறைக்கச் சம்மதித்துவிட்டார்களே என்று பலர் குறை சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. திரும்பி வந்தவர்களில் பலர் சொந்த ஊரிலேயே அந்நியர் ஆகித் தவித்தார்கள்.

டர்பனில் ஒரு பள்ளி

காந்தியடிகள் வற்புறுத்தியதால், உடல்நலம் குன்றியிருந்தும், இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாக சாஸ்திரியார் தென் ஆப்பிரிக்கா போனார். அனுமதி இல்லாமல் முன்பே குடியேறிய பலர் பயந்து வாழ்ந்தார்கள். உண்மையைச் சொல்லிப் பதிவு செய்துகொண்டால் வெளியேற்றுவதில்லை என்று ஓர் ஏற்பாடு வந்தது. அதை நம்பிப் பதிவு செய்யும்படி அவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பாடுபட்டார். இந்தியர்களே பணம் திரட்டினார்கள். 1929-ல் டர்பனில் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிக்கு சாஸ்திரி கல்லூரி என்று பெயர். பிறகு பல தலைமுறைகள் அங்கு படித்து முன்னேறின.

மலாய்த் தோட்டங்கள்

1936-ம் ஆண்டு முடிவில் மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களைப் பார்க்கப் போனார். கங்காணிகள் ஆள் பிடிப்பதை நிறுத்தவேண்டும், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய தினக்கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று எழுதினார். ஆனால் தொழிலாளர் போவதைத் தடுக்கவேண்டியதில்லை என்றார். தோட்ட முதலாளிகளுக்கு இரக்கம் காட்டிவிட்டார் என்று கண்டனம் எழுந்தது. 1938-ல் கூலி மறுபடி குறைக்கப்பட்டபோது, இந்திய சர்க்கார் அங்கு கூலியாட்கள் போவதையே தடை செய்தது.

அவர் விட்டுச் சென்றது

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சாஸ்திரியார், 1946 ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். இரண்டே மாதத்தில் தென் ஆப்பிரிக்கா இந்தியரை ஒதுக்கும் புதிய சட்டம் செய்தது. அங்குள்ள இந்தியர் எல்லோரும் சமமாக நின்று ஓட்டுப் போட 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நயமாகப் பேசியே நியாயம் பெறலாம் என்று நம்பினார் சாஸ்திரியார். அந்த நம்பிக்கை பல இடங்களில் பொய்த்தது. ஆனால் அவர் பிரித்துக் காட்டிய இரண்டு கேள்விகள் பொய்க்கவில்லை. வாசலில் யாரை அனுமதிப்பது என்று வீட்டுக்காரர் யோசிக்கலாம். உள்ளே அழைத்து வேலை வாங்கியவரைத் திண்ணையிலேயே நிறுத்தி வைக்கலாமா? இன்றும் பல நாடுகள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது.