வாயில்லா உயிர்களின் வழக்கறிஞர்

மதுரையில் 1904-ஆம் ஆண்டு பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதக்கலையை வளர்த்தவர் என்றும், 1936-இல் கலாக்ஷேத்திரம் கண்டவர் என்றும் நாடு நன்கறியும். வாயில்லா உயிர்களுக்காக அவர் வாதாடிய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1952-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். விலங்குவதையைத் தடுக்க 1890-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்நாளில் இருந்தது. ஆனால், அது நகராட்சி எல்லையைத் தாண்டிச் செல்லாது. நகரத் தெருவில் எருதை வதைப்பது குற்றம். விக்கிரவாண்டி போன்ற சிற்றூரின் சாலையிலே, மிகைப்பாரம் இழுக்கமாட்டாமல் நுரைதள்ளி வீழும் எருதுக்கோ காவல் இல்லை! இக்கொடுமை கண்டு செய்தித்தாளுக்கு முறையீடு எழுதுவதும் நற்றொண்டே. எனினும், சட்டம் எட்டாத இடத்தில் எழுத்து என் செய்யும்?

ஆதலின், அம்மையார் தாமே ஒரு மசோதாவை அவையில் கொணர்ந்தார். அவர்தம் நோக்கத்தைப் பாராட்டிய தலைமை அமைச்சர் நேரு, அரசே விரிவான சட்டம் இயற்றும் என உறுதி கூறி, அதனைத் திரும்பப் பெறுமாறு வேண்டினார். தம் பெயரால் சட்டம் அமையும் பெருமையை விடுத்து அம்மையார் இசைந்தார். ஆண்டுகள் பல கடந்து, 1960-இல் அச்சட்டம் பிறந்தது. ஆய்வுக்கூடங்களில் விலங்குகளைக் கொண்டு சோதனை செய்தலை அது விலக்கவில்லை; முதற்குற்றத்திற்குரிய தண்டமும் 50 ரூபாயைத் தாண்டவில்லை. ஆயினும், சிற்றூர் எருதுக்கும் காவல் கிடைத்தது.

1962-இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி தேசாய் அழைத்தபோது மறுத்துவிட்டார். வாரியப் பணியையோ, 1986-இல் மறையும்வரை அவர் கைவிடவில்லை.