கடிவாளம் யார் கையில்?

செஞ்சிக் கோட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் ராஜா தேசிங்கு. இயற்பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திரரான தந்தை சொரூப் சிங்குக்குப் பின், 1714-இல் கோட்டையின் பொறுப்பை ஏற்றார்.

தில்லியில் எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை இளம் தேசிங்கு அடக்கினார் என்கிறது நாட்டார் கதைப்பாடல். அந்தப் புகழ் இறுதிவரை அவருடன் வந்தது. ஆற்காடு நவாப் சாததுல்லா கான் கேட்ட கப்பத்தை மறுத்தார். நவாபின் பெரும்படை நெருங்கியபோது, மூன்று குன்றுகளை இணைக்கும் மதிலுக்குள் காத்திராமல், சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்கொள்ளப் புறப்பட்டார். பெருக்கெடுத்தோடிய ஆற்றை அவருடன் கடந்தவர்கள் மிகச் சிலரே. 1714 அக்டோபர் 3-இல் களத்தில் வீழ்ந்தபோது அவருக்கு வயது 22. உயிர் நண்பரும் மாண்டார். இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகவே ராணிப்பேட்டை பெயர் பெற்றது.

தேசிங்கின் வீரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், வேகத்தை ஆளும் திறமை வேறு. எப்போது நிற்பது என்றறியும் பக்குவம் வேறு. முன்னது இளமையிலேயே கைகூடும். பின்னதற்கு ஆண்டுகள் வேண்டும்.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் உயிரிழந்தனர். தேசிங்கு போர்க்களத்துக்குச் சென்றார். அந்த இருவரோ சாலையில் சென்றவர்கள். சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழிசெய்கிறது. சாவியைக் கொடுக்கும் கைக்கே முதல் பொறுப்பு.