யதிராஜரின் விளையாட்டு

ஸ்ரீபெரும்பூதூர் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் இக்காலத்தில் பலருடைய நினைவில் முதலில் எழுவது மோட்டார் வண்டிகளும், கைத்தொலைபேசிகளும், அவற்றைச் செய்து குவிக்கும் பெருந் தொழிற்சாலைகளுமேயாம். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையில், ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நிலப்பரப்பில், இன்று இரவு பகலென்ற பேதமின்றி இயந்திரங்கள் சுழல்கின்றன. ஆயினும் அவ்வூர் இந்தியா முழுவதிலும் பெயர் பெற்றது இயந்திரங்களால் அன்று. அங்கே பிறந்த ஒரு மனிதரால் அது பெயர் பெற்று ஆயிரம் வருஷங்கள் ஆகின்றன.

அம்மனிதர் ஸ்ரீ ராமாநுஜர். திருக்கோட்டியூரில் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, இரகசியமாய்ப் பெற்ற மந்திரார்த்தத்தை ஊரறியச் சொன்னார் என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. பிரம்ம சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யம் இயற்றினார் என்பதைக் கற்றோர் அறிவர். 2022-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தின் அருகே 216 அடி உயரத்தில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. இப்பெருமைகளைப்பற்றி எழுதுவதற்கு வேறு பலர் உளர். நாம் இங்கு சொல்லப் புகுந்தது அவருடைய வாழ்க்கையின் சிறு பொழுதுகளைப் பற்றியே. பாஷ்யம் எழுதிய கை ஓய்ந்திருந்த வேளையில் அவர் எப்படி இருந்தார், எதைக் கண்டு மகிழ்ந்தார், யாரோடு விளையாடினார் என்பவை, தேச ஊழியத்தில் ஈடுபட்டோர் அறியவேண்டிய செய்திகளாகும்.

மரபுக் கணக்கின்படி அவர் 1017-ஆம் ஆண்டில் சித்திரைத் திருவாதிரையில், ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மைக்கும் மகனாகத் தோன்றினார். இளையாழ்வார் என்று பெயரிட்டவர் தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி. அவர் 120 ஆண்டுகள் வாழ்ந்து 1137-இல் திருவரங்கத்தில் மறைந்தார் என்பர். அவரோடு நெருங்கிப் பழகியவர்களில் பலர் அதே வட்டாரத்தின் மக்களே என்பது கவனிக்கத்தக்கது. சிற்றன்னையின் மகனாகிய கோவிந்தர், பின்னாளில் எம்பார் எனப்பட்டவர், அருகிலுள்ள மழலைமங்கலத்தில் பிறந்தார். சகோதரியின் மகனாகிய முதலியாண்டான் பூவிருந்தவல்லிக்கு அடுத்த பேட்டையில் தோன்றியவர். கூரத்தாழ்வான் காஞ்சிக்கு அருகே கூரத்தைச் சேர்ந்தவர். அந்தணரல்லாத திருக்கச்சி நம்பியோ பூவிருந்தவல்லிக்காரர். அவரையே இளம் ராமாநுஜர் குருவாகக் கொள்ள விரும்பினார். இன்று தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஓடும் சாலைகளின் இருபுறத்து ஊர்களே இவை.

இனி நாம் கூறப்போகும் நிகழ்ச்சிகள் ஆறாயிரப்படி முதலிய குருபரம்பரை நூல்களாலும், ஆழ்வார் பாசுரங்களின் உரைகளாலும், வழிவழி வந்த வாய்மொழியாலும் நமக்குக் கிடைப்பவை. சரித்திர ஆசிரியர் இவற்றுள் எதைத் தள்ளுவர், எதைக் கொள்ளுவர் என்ற விசாரம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு ஜன சமூகம் தன் தலைவரைப்பற்றி எத்தகைய கதைகளைத் தலைமுறை தலைமுறையாய்ப் பேணி வைத்தது என்பதே ஒரு சாட்சியமன்றோ?

திருவரங்கத்து வீதியில் ஒருநாள் சிறு பிள்ளைகள் கோயில் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தனர். மண்ணே கோபுரம், மண்ணே மதில், மண்ணே பெருமாள். அவ்வழியே ராமாநுஜர் பிக்ஷைப் பாத்திரத்துடன் வந்தார். மடத்தின் தலைவர் என்றும், கோயில் நிர்வாகத்தையெல்லாம் திருத்தியமைத்த அதிகாரி என்றும் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? காலால் கீறிய ஓர் உருவத்தைக் காட்டி, அதுவே அவருடைய பெருமாள் என்றனர். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து வணங்கினார். பெரியவர்கள் பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டு புன்னகைத்துப் போவது வழக்கம்; இவரோ விளையாட்டின் விதிகளை ஏற்று அதற்குள்ளேயே புகுந்துவிட்டார்.

அவருக்கு மிக உகந்த பொழுதுபோக்கு ஒன்று உண்டென்றால், அது திருப்பாவையை வாய்க்குள் பாடிக்கொண்டு வீதியிலே நடப்பதாம். திருப்பாவை ஜீயர் என்ற பெயரும் அவருக்கு இதனால் வந்தது. அப்படி ஒருநாள் பாடிக்கொண்டே ஆசாரியராகிய பெரிய நம்பியின் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, நம்பியின் மகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள். பாட்டில் வரும் நப்பின்னையே நேரில் வந்து கதவைத் திறந்ததாக எண்ணி ராமாநுஜர் மெய்ம்மறந்து விழுந்தார். அத்துழாய் அஞ்சி ஓடித் தந்தையிடம் சொல்ல, நம்பி சற்றும் கலங்காமல், அவர் அப்போது 18-ஆம் பாசுரத்தைப் பாடிக்கொண்டு வந்திருக்கவேண்டும் என்றாராம். சீடரின் பித்து இன்னதென்று ஆசாரியருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது!

இதே அத்துழாயை மையமாகக் கொண்டு மற்றொரு நிகழ்ச்சி உண்டு. அவள் புக்ககம் சென்றபின், விடியுமுன் தனியாய் நீராடப் போக அஞ்சி மாமியாரைத் துணைக்கு அழைத்தாள். மாமியார், பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டி ஒருத்தியைக் கொண்டுவந்து துணைக்கு வைத்துக்கொள்ளும்படி இடித்துரைத்தாள். மனம் நொந்த பெண் தந்தையிடம் முறையிட, ஏழையாகிய நம்பி அவளை ராமாநுஜரிடம் அனுப்பினார். ராமாநுஜர் சற்றும் தயங்கவில்லை. பக்கத்தில் நின்ற முதலியாண்டானைச் சுட்டி, இதோ உன் சீதனம், அழைத்துச் செல் என்ற கருத்துப்படச் சொல்லி அனுப்பிவிட்டார். சாஸ்திரங்களில் கரைகண்ட பண்டிதர், யதிராஜருக்குத் திரிதண்டம் போன்றவர் என்று புகழப்பட்டவர், அந்த வீட்டில் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, சமையலும் செய்தார். வேலைக்காரன் இன்னாரென்று பின்னர் அறிந்த வீட்டார் வெட்கி, அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி வேண்டினர். ஒரு மாமியாரின் சுடுசொல்லுக்கு இதனினும் இனிய பதில் இருக்க முடியுமா? ஒரு பண்டிதரின் கல்விச் செருக்குக்குத்தான் இதனினும் நல்ல மருந்து உண்டா?

உறையூரில் வில்லி என்ற மல்லன் இருந்தான். அவனுக்குத் தன் மனைவி பொன்னாச்சியின் கண்களே உலகம். திருவரங்கத்து உற்சவக் கூட்டத்தின் நடுவே, அக்கண்களில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நடந்தான். ஊரார் கைகொட்டிச் சிரித்தனர். ராமாநுஜர் சிரிக்கவில்லை. அவனை அழைத்து விசாரித்தார்; அவனும் நாணமின்றி உண்மையைச் சொன்னான். இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கும் இப்படிக் குடை பிடிப்பாயா என்ற வகையில் பேசி, அவனை அரங்கநாதனின் சந்நிதிக்கு அழைத்துப் போனார். பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று இன்றும் வைணவர் வணங்குபவர் அவரே.

தாழ்ந்த குலத்தவரெனப்பட்ட அந்தத் தாசர் மடத்தில் இடம்பெற்றது சில சீடர்களுக்குப் பொறுக்கவில்லை. காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்பவர், நீராடித் திரும்பும்போது வில்லி தாசரின் தோளைப் பற்றி வருகிறாரே, இது என்ன முறை என்று முணுமுணுத்தனர். ராமாநுஜர் உபந்நியாசம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு குறும்பு செய்தார்.

இரவில், சீடர்கள் உலர்த்தியிருந்த வஸ்திரங்களில் ஒவ்வொன்றிலும் சிறு துண்டு கிழித்து எடுக்கும்படி செய்தார். பொழுது விடிந்ததும் மடத்தில் பெருங் கலகம்! உலகப்பற்றை ஒழித்துவிட்டதாய் எண்ணியிருந்தவர்கள் ஒருசாண் துணிக்காக ஒருவரையொருவர் வாயில் வந்தபடி வைதுகொண்டனர். பிறகு ஒரு நாள், தாசரைப் பேச்சில் மடத்திலேயே நிறுத்திவைத்து, அச்சீடர்களையே அவர் வீட்டுக்குத் திருட அனுப்பினார். உறங்குவதுபோற் கிடந்த பொன்னாச்சியின் ஒருபக்கத்து நகைகளை அவர்கள் கழற்றினர். மறுபக்கத்து நகைகளையும் அவர்கள் கொள்ளட்டுமென்று அவள் புரண்டு படுக்க, விழித்துக்கொண்டாளென்று அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய கணவரோ, கொடுப்பவள் நான் என்ற எண்ணம் உனக்கு ஏன் வந்தது, அசையாமல் கிடந்திருக்கலாகாதா என்று மனைவியைக் கடிந்துகொண்டார். மறைந்து நின்று இதைக் கேட்டவர்கள் தலைகுனிந்து மடம் சேர்ந்தனர். துணிக்குச் சண்டையிட்டவர் உயர்ந்தவரா, நகையைப் போகவிட்டவர் உயர்ந்தவரா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நகைகள் மறுநாளே உரியவரிடம் சேர்ந்தன.

திருமலையடிவாரத்தில் தயிர் விற்ற தும்பையூர்க் கொண்டி என்ற இடைச்சியின் கதையும் இவ்வகையினதே. அவள் கொடுத்த தயிருக்கு விலை கேட்டபோது, காசு வேண்டாம், மோக்ஷம் வேண்டும் என்றாள். தயிருக்கும் மோக்ஷத்துக்கும் என்ன பேரம் என்று சிரித்து அனுப்பாமல், அதைத் தருவது தம் கையில் இல்லையென்றும் மலைமேல் இருப்பவனிடமே கேட்கவேண்டும் என்றும் கூறினார் ராமாநுஜர். அப்படியானால் சிபாரிசுக் கடிதம் வேண்டுமென்றாள் அவள். அவரும் எழுதுகோலை எடுத்து, திருவேங்கடமுடையானுக்கு முறைப்படி ஒரு திருமுகம் எழுதி அவள் கையில் கொடுத்தார். கடிதம் உரிய இடத்தில் ஏற்கப்பட்டதென்று மரபு கூறும்.

இக்கதைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ராமாநுஜரின் வேடிக்கைகளில் எளியவர் ஒருவரும் ஏளனத்துக்கு உள்ளாகவில்லை. மண்ணில் விளையாடிய பிள்ளைகளும், குடை பிடித்த மல்லனும், தயிர்க்காரியும் கேட்டதை அவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டார். குட்டுப்பட்டவர்களெல்லாம் கற்றவர்கள், உயர்ந்தவர்கள், அவருக்கு மிக நெருங்கியவர்கள். உலகத்தில் நாம் காண்பதோ இதற்கு நேர்மாறானது. மேலிருப்போர் கீழிருப்போரைப் பார்த்துச் சிரிப்பதே பெரும்பாலும் நகைச்சுவையென்று பெயர் பெறுகிறது. சிரிப்பின் திசையை அவர் மாற்றிவைத்தார். மேல்கோட்டையில் தீண்டாதாரெனப்பட்டவரைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் வரும் உரிமை தந்தாரென்று போற்றப்படுபவரின் நெஞ்சம், இச்சிறு பொழுதுகளிலேயே உருவாகி வந்தது எனலாம்.

பொது ஊழியர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஓர் இயக்கம் வளர வளர, தலைவரின் பக்கத்தில் யார் நிற்பது, அவர் யாருடைய தோளைப் பற்றி நடப்பது என்ற பொறாமை புகுந்தே தீரும். அதை அடக்கக் கட்டளைகள் பிறக்கும், கட்சிகள் பிறக்கும். ஒருசாண் துணியால் அதை வெட்கமுறச் செய்த தலைவர் எத்தனை பேர்?

இன்று அதே வட்டாரத்தில் வெளியூர்களிலிருந்தும் வெளி மாகாணங்களிலிருந்தும் வந்த இளைஞரும் யுவதிகளும் வாழ்கின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. படுக்கையும் உணவும் கூலியும் அவசியமே. ஆயினும் வேலை முறை முடிந்து திரும்பும் பெண்ணுக்குப் பாடவும், பந்தாடவும், தோழியரோடு அச்சமின்றி வீதியில் நடக்கவும் ஓர் அந்திப்பொழுது வேண்டாமா? கூலியைப்பற்றி வாதாடுவோர் இவ்வோய்வைச் சில்லறை விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது. மனிதர் ஒருவரையொருவர் குலமும் பதவியும் நீங்கிக் காண்பது பெரும்பாலும் அவ்வேளையிலேதான்.

ஸ்ரீபெரும்பூதூரில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவாதிரையில் யதிராஜருக்கு உற்சவம் நடைபெறுகிறது. அங்குள்ள அவரது திருமேனிக்குத் தான் உகந்த திருமேனி என்று பெயர். அவர் வாழ்நாளிலேயே வார்க்கப்பட்டு, அவரே கண்டு உவந்தது என்பர். 216 அடிச் சிலையை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். தெருமண்ணில் குழந்தைகள் கீறிய கோட்டுக்கு முன் விழுந்து கிடந்த அம்மனிதரைக் காண வேண்டுமானால் நாமும் சற்றே குனியவேண்டும்.